துரை எங்கேயும் போகமாட்டான்

அன்புள்ள மகனுக்கு,

இந்தக் கடிதம் உனக்கு மட்டும் அல்ல. எழுதி முடித்ததும் உன் அம்மா இதைக் கைபேசியில் படம் எடுத்து, நம் தெரு குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறாள். நீ அங்கே எல்லார் முன்னாலும் எனக்காகப் பதில் சொன்னாய். நானும் எல்லார் முன்னாலும் உனக்குப் பதில் சொல்வதுதான் முறை. வரிசைப்படுத்தாமல் எனக்கு எதுவும் பேச வராது என்பது உனக்குத் தெரியும். ஆகவே சொல்லப்போவதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

1. துரை எங்கேயும் போகமாட்டான்.
2. அவனுக்கு இருப்பது வலிப்பு. வெறிநோய் இல்லை.
3. அவனுக்கு மாத்திரை கொடுக்கும் முறை. எனக்கு உடம்பு முடியாமல் போனால் நீ தெரிந்துவைத்திருக்க வேண்டும்.
4. அன்று அவன் தெருவில் விழுந்ததற்குக் காரணம் சங்கம் விட்ட கொசுப்புகை. எங்கள் பராமரிப்பில் ஒரு குறையும் இல்லை.
5. இதில் உன் சம்மதத்தை நான் கேட்கவில்லை.

துரை யார் என்று தெருவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவனைக் கொண்டுவந்ததே நீதான். ஊரடங்கில் நீ வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது, பீர்க்கன்கரணை ஏரிக்கரையிலிருந்து ஒரு செம்மண் நிற நாட்டு நாய்க்குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து நின்றாய். "ஒரு வாரம்தாம்பா. யாராவது கேட்டா குடுத்துடலாம்" என்றாய். யாரும் கேட்கவில்லை. வந்த அன்றே உன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்ததால் துரை என்று பெயர் வைத்ததும் நீதான். பிறகு அலுவலகம் திறந்தது. உனக்குத் திருமணம் ஆனது, நாவலூரில் அடுக்குமாடியில் வீடு அமைந்தது. துரை இங்கே சிட்லபாக்கத்தில் எங்களோடு தங்கிவிட்டான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவன் எப்படி எங்கள் பொறுப்பானான் என்பதற்காகச் சொல்கிறேன்.

சென்ற வாரம் அவன் தெருவில் வலிப்பு வந்து விழுந்த பிறகு, சங்கச் செயலாளர் குழுவில் ஓர் அறிவிப்புப் போட்டார். பொதுமக்கள் பாதுகாப்பு கருதி மேற்படி நாயை அப்புறப்படுத்த வேண்டும், வரும் ஞாயிறு கூட்டத்தில் இது பேசப்படும் என்று. அதைப் படித்துவிட்டு, என்ன பதில் எழுதுவது என்று நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே உன் பதில் வந்துவிட்டது. "ஓகே அங்கிள். இந்த மாசத்துக்குள்ள அனுப்பிடறோம். சாரி." கீழே இரண்டு கைகூப்பு. எங்கே அனுப்புவாய் என்று கேட்க உன்னைப் போனில் கூப்பிட்டேன். "காப்பகத்துல பேசிட்டேன்பா, வலிப்புன்னா எடுக்க மாட்டாங்களாம். பேசாம டாக்டர்கிட்ட கேட்டு ஊசி போட்டுடலாம்பா. அதுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்" என்றாய். நான் "ம்" என்றேன். அந்த "ம்" சம்மதம் இல்லை. எனக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை, அவ்வளவுதான். நம் கேட்டுக்கு முன்னால் பக்கத்து வீட்டுக் காரை நிறுத்துகிறார்கள் என்று வருடக்கணக்கில் பக்கவாட்டில் நெளிந்து வெளியே போய்வந்துகொண்டிருப்பவன் நான். என் வாயில் வராதது எல்லாம் என் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டால் இந்த உலகத்தில் நான் ஒப்புக்கொள்ளாதது எதுவுமே இருக்காது. ஊசி போட்டு அவனைக் கொல்ல முடியாது. இதுதான் முதலாவது. இதற்கு மேல் இதில் விளக்கம் இல்லை.

அடுத்து இரண்டாவதைத்தான் எழுத வேண்டும். ஆனால் நான்காவதை முன்னால் எழுதிவிடுகிறேன், கோபம் ஆறிவிட்டால் எனக்கு அதை எழுத வராது. அன்று மாலை மாத்திரை கொடுத்துவிட்டு நானும் உன் அம்மாவும் துரையை ஏரிப் பக்கம் நடத்திக்கொண்டு போனோம். திரும்பி வரும்போது கொசுப்புகை இயந்திரம் தெருமுனையில் திரும்பியது. காதைப் பிளக்கும் சத்தம், மண்ணெண்ணெய் வாடை, எதிரே வருகிறவர் முகம் தெரியாத வெள்ளைப் புகை. செயலாளர் வீட்டு வாசலில் துரையின் கால்கள் விறைத்தன. சாய்ந்து விழுந்தான். தாடை அடித்துக்கொண்டது, கால்கள் சைக்கிள் மிதிப்பதுபோல ஓடின, வாயில் நுரை தள்ளியது. "வெறி புடிச்சிருச்சு! புள்ளைங்கள உள்ள கூப்பிடுங்க!" என்று யாரோ கத்தினார்கள். செயலாளர் சாக்கடை குத்தும் கம்பியோடு வெளியே வந்தார். கோடி வீட்டு அக்கா மட்டும் பயப்படாமல் ஓடிவந்தார், கையில் சாவிக்கொத்து. "இரும்பு குடுங்க சார், கையில இரும்பு குடுங்க!" என்று கத்திக்கொண்டே வந்தவர், துரையின் நான்கு கால்களையும் பார்த்துவிட்டுத் திகைத்து, "இதுக்கு எது சார் கை?" என்று என்னையே கேட்டார்.

நான் ரோட்டில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை அவன் கண்ணில் வெளிச்சம் படாதபடி பிடித்துக்கொண்டேன். பேசியது உன் அம்மாதான். "கம்பியைக் கீழ போடுங்க சார். இல்ல அடிச்சே தீருவேன்னா மொதல்ல என்னை அடிங்க, அப்புறம் அதை அடிக்கலாம்" என்றாள். செயலாளர் கம்பியைக் கீழே போடவில்லை, ஆனால் கிட்டேயும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வலிப்பு நின்றது. அந்தத் துண்டிலேயே அவனைக் கிடத்தி இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிவந்தோம். மூச்சு வாங்கிக்கொண்டே உன் அம்மா, "பேருக்கேத்த மாதிரி துரைக்குப் பல்லக்கு, தூக்கறதுக்கு நாம" என்றாள்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் பேசினேன். துரையைத் தொடக்கத்திலிருந்து பார்க்கிற கால்நடை மருத்துவர். எதையும் விட்டுவிடாமல் கேட்பவர். மாத்திரை ஏதாவது விட்டுப்போனதா? இல்லை. பூச்சி மருந்தோ வேறு மருந்தோ கொடுத்தீர்களா? இல்லை. "சாப்பாட்டுல உப்பு ஏதாவது கூடிச்சா சார்? அவன் சாப்பிடற மருந்துக்கு உப்பு ஒரே அளவா இருக்கணும்னு சொல்லியிருக்கேனே." "அவன் சோற்றில் நாங்கள் உப்பே போடுவதில்லை அம்மா" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது புகைதான். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் காலம் கழித்தவன் நான். கழித்துப் பார்த்து மிச்சத்தைக் கண்டுபிடிப்பதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பாதி வகுப்பு என் பேச்சைக் கேட்காமல் அரட்டை அடித்தாலும், சொல்லிக்கொடுத்தது சரியாகத்தான் இருந்தது. ஆகவே சங்கம் முன்னறிவிப்பு இல்லாமல் புகை விட்டதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று கோருகிறேன்.

இப்போது இரண்டாவது. துரைக்கு முதல் தடவை வலிப்பு வந்தபோது நீ வீட்டில்தான் இருந்தாய். நாக்கை விழுங்கிவிடுவான் என்று நான் பயந்துபோய் ஒரு கரண்டியை எடுத்து அவன் பல்லுக்கு நடுவில் திணித்தேன். கரண்டி நழுவியது, என் விரல் உள்ளே போனது. என் விரலிலிருந்து ரத்தம் சொட்டியதைப் பார்த்து நீ சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. தையல் போட்டு, தடுப்பூசியும் போட்டு என்னைக் கூட்டிவந்தவன் நீ. அன்றிலிருந்து நீ அவனைத் தடவிக்கொடுக்கும்போது கையை வாய்ப் பக்கம் கொண்டுபோவதே இல்லை. உன் பயம் என் விரலில் ஆரம்பித்தது, அதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் அது அவன் கடித்தது இல்லை, நான் கடிபட்டது. நாயால் நாக்கை விழுங்க முடியாது. அந்த நேரத்தில் அவன் நினைவில் இல்லை, அவன் தாடை அவன் சொல்லைக் கேட்பதும் இல்லை. வாயில் எதையும் வைக்கக் கூடாது. இரும்பும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். இடித்துக்கொள்ளும்படி பக்கத்தில் எது இருந்தாலும் நகர்த்திவிட்டு, விளக்கையும் டிவியையும் அணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒன்று முடிந்து தெளிவதற்குள் அடுத்தது வந்தாலோ, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

வலிப்பு நின்றதும் அவன் எழுந்து கண் தெரியாதவன்போலச் சுவரில் முட்டுவான், கட்டில் காலை முகர்ந்துகொண்டு நிற்பான், நம்மையே அடையாளம் தெரியாமல் பார்ப்பான். அப்போது அவன்மேல் விழுந்து கொஞ்சக் கூடாது, பெயரை மட்டும் மெதுவாகச் சொல்ல வேண்டும். பிறகு நேரே சாப்பாட்டுத் தட்டுக்குப் போய், பல நாள் பட்டினி கிடந்தவன்போலத் தின்பான். வெறிநோய் வந்த நாய் இப்படி எழுந்து சோறு கேட்காது, மறுநாள் காலை கழுத்துப் பட்டையை வாயில் கவ்விக்கொண்டு நடைக்குக் கூப்பிடாது. அது மீளாத நோய், ஓரிரு வாரத்தில் உயிரைக் கொண்டுபோய்விடும். துரைக்கு வருடம் தவறாமல் வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறோம். சான்றிதழ் பார்க்க வேண்டும் என்பவர்கள் வீட்டுக்கு வரலாம், உன் அம்மா காபி போட்டுத் தருவாள். கம்பியை மட்டும் வெளியே வைத்துவிட்டு வரட்டும்.

ஐந்தாவது. உன்னிடம் நான் இப்படிப் பேசியதே இல்லை. பொறியியல் வேண்டாம், வேறு படி என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. திருமண மண்டபம் இவ்வளவு பெரிதாக வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது நல்லதாகவே முடிந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் இந்த விஷயத்தில் நான் பேசாமல் இருந்தால் ஓர் உயிர் போய்விடும். உன் மனைவிக்குப் பிரசவம் நெருங்குகிறது. அம்மா வந்து உங்களோடு தங்குவாள், எத்தனை மாதம் வேண்டுமானாலும். நான் காலையில் மாத்திரை கொடுத்துவிட்டு மேடவாக்கம் வழியாக பஸ் பிடித்து வருவேன், பேரப்பிள்ளையைப் பார்ப்பேன், மாலை மாத்திரைக்குத் திரும்பிவிடுவேன். இரவு தங்கமாட்டேன். "ஒரு நாய்க்காகவா?" என்று நீ கேட்பாய். ஆம், ஒரு நாய்க்காகத்தான். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஞாயிறு கூட்டத்துக்கு வருவேன். நா எழாவிட்டால் இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பேன். சங்கம் வேறு விதமாகத் தீர்மானம் போட்டால், அந்தத் தீர்மானத்துக்கு நான் கட்டுப்படமாட்டேன். நான் கட்டுப்படாத முதல் தீர்மானம் அதுவாக இருக்கும்.

மிச்சம் இருப்பது மூன்றாவது. நீளமானது என்பதால் கடைசிக்கு வைத்தேன். கவனமாகப் படி. மாத்திரை இரண்டு. ஒன்று ஃபீனோபார்பிட்டோன், மனிதர்களுக்கும் கொடுக்கிற வலிப்பு மருந்து. சாதாரண மருந்துக்கடையில்தான் கிடைக்கும், ஆனால் டாக்டரம்மாவின் சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள். முதல் தடவை கடைக்காரர், "பேஷண்ட் பேரு சார்?" என்றார். "துரை." "வயசு?" "இரண்டு." அவர் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். நாய் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பில்லில் "மாஸ்டர் துரை" என்று போட்டுக்கொடுத்தார். இன்றைக்கும் அங்கே அவன் மாஸ்டர் துரைதான். இந்த மாத்திரையால் பசி கூடும், தாகம் கூடும், அடிக்கடி சிறுநீர் போவான். ஈரலுக்குக் கெடுதல் வருகிறதா என்று அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது பொட்டாசியம் புரோமைடு. முதல் மருந்து மட்டும் போதவில்லை என்று சேர்த்தார்கள். காலை ஆறு, மாலை ஆறு. முன்பின் ஆகக் கூடாது. பல நாள் வலிப்பு வரவில்லை, குணமாகிவிட்டது என்று நினைத்து ஒருபோதும் நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாக வரும்.

கொடுப்பதில்தான் சிரமம். முதலில் இட்லியில் வைத்துக் கொடுத்தோம். சில மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டான். பிறகு இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, நாம் அந்தப் பக்கம் போனதும் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் போய்த் துப்பக் கற்றுக்கொண்டான். கோடை முடியும் சமயம் ஒருநாள், வாசலில் வைத்து நான் இந்தப் போராட்டம் நடத்திக்கொண்டிருந்ததை மீன்காரம்மா பார்த்தார். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வருகிறவர், உனக்குத் தெரியும். "இன்னா சார், துப்பிக்கினே கீதா? கருவாட்டுல வெச்சு குடு. அப்புறமும் துப்புச்சுன்னா என்னைக் கேளு" என்றார். அன்றிலிருந்து துரை ஒரு மாத்திரையைக்கூடத் துப்பியதில்லை. முறை இதுதான். கருவாட்டைத் தோசைக்கல்லில் லேசாகச் சுட்டு, விரல் நுனி அளவுக்குத் துண்டாக்கு. முதல் துண்டு வெறும் துண்டு, சந்தேகம் வராமலிருக்க. இரண்டாவதில் ஒரு மாத்திரை, மூன்றாவதில் இன்னொன்று. நான்காவது மறுபடியும் வெறும் துண்டு. அதைக் கண்ணில் காட்டிக்கொண்டே இருந்தால், அதற்கு ஆசைப்பட்டு முந்தியதை மெல்லாமல் விழுங்கிவிடுவான். கருவாடு உப்பில் ஊறிக் காய்ந்தது, அதனால் மாத்திரையின் கசப்பு அவனுக்குத்

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். பிறகு அடுக்களைக்குப் போய் உன் அம்மாவிடம், "கருவாட்டில் உப்பு நிறைய இருக்குமா?" என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. இல்லை என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று கேட்டேன்.

"என்ன கேள்வி இது? உப்பு போடாம கருவாடு எப்படிங்க காயும்? நாறிப்போயிடும்."

"அவனுக்கு உப்பு கூடாதென்று தெரியுமே, நீ ஏன் ஒன்றும் சொல்லவில்லை?"

"சோத்துல உப்பு போடாதன்னீங்க, போடல. கருவாடு மாத்திரை டிபார்ட்மென்ட்டாச்சே, அது உங்களோடது. அதுல நான் தலையிட்டா நீங்க சும்மா விடுவீங்களா?"

அவள் சொன்னது உண்மை. அவன் சாப்பாடு என்று நான் மனதில் போட்டுவைத்திருந்த வரிசையில் சோறு, முட்டை, பூசணிக்காய் இருந்தன. கருவாடு அதில் இல்லை. அது மருந்து கொடுக்கும் வரிசையில் இருந்தது. டாக்டரம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார், நான் சாப்பாட்டு வரிசையைப் பார்த்துப் பதில் சொன்னேன். உப்பில் இருப்பது குளோரைடு, அவன் இரண்டாவது மாத்திரையில் இருப்பது புரோமைடு, இரண்டும் ஒரே குடும்பம். சிறுநீரகம் இரண்டையும் சரியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. உப்பு அதிகமாக உள்ளே போனால், வேண்டாத உப்பை வெளியேற்றும்போது கூடவே மருந்தையும் வெளியேற்றிவிடும். கரும்பலகையில் அந்தக் குடும்பத்தை எத்தனை முறை எழுதிப்போட்டிருப்பேன்! தினம் இரண்டு வேளை, வேளைக்கு நான்கு துண்டு. நேரம் தவறாமல் மருந்தைக் கொடுத்து, அதே நேரத்தில் அதை வெளியே தள்ளவும் வழிசெய்திருக்கிறேன். அவன் கூடுதலாகத் தண்ணீர் குடித்ததையும் பார்த்தேன், அதை முதல் மாத்திரையின் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "சார், நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியாருன்னு சொன்ன ஞாபகம்" என்றார். "ஆமாம் அம்மா" என்றேன். பிறகு, கருவாட்டை நாமாக ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, உப்பு சட்டென்று குறைந்தால் மருந்து ரத்தத்தில் ஏறித் தள்ளாட ஆரம்பித்துவிடுவான், நாளைக் காலை கூட்டிவாருங்கள், ரத்தம் பார்த்துவிட்டு எப்படிக் குறைப்பது என்று சொல்கிறேன் என்றார். ஆகவே, மகனே, மூன்றாவதில் கருவாடு என்று வருகிற இடத்தைப் பின்பற்றாதே. சரியான முறையைப் பிறகு எழுதுகிறேன். மீன்காரம்மாவை யாரும் தெருவில் நிறுத்தி எதுவும் கேட்கக் கூடாது. துப்பாமல் இருக்க வழி சொன்னார், அந்த வழி பலித்தது. உள்ளே போகிற மாத்திரை எது என்று தெரிந்தவன் நான்தான்.

உன் அம்மா இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, "நாலாவதை அடிச்சுட்டு வேற தாள்ல எழுதிடுங்க. அஞ்சுல ஒண்ணு போனா என்ன, யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள். செயலாளருக்கு இது எவ்வளவு வசதி என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். "பாத்தீங்களா, ஒழுங்கா வளக்கத் தெரியல, அவரே எழுதிக்குடுத்துட்டாரு" என்று ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சொல்வார். நீயும் அதையே நினைக்கலாம். இருந்தாலும் நான் அடிக்கவில்லை. ஒரு தெருவையே குற்றம் சொல்லி எழுதிவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் தாளை மாற்றிவைத்தால், அப்புறம் தடுப்பூசி போட்டிருக்கிறோம் என்று நான் சொல்வதையும் யாரும் நம்ப வேண்டியதில்லை. தப்பாகக் கொடுத்தவன் கையிலிருந்து நாயைப் பிடுங்க வேண்டும் என்று கூட்டத்தில் சொல்வார்கள். தப்பு எங்கே என்று தெரிந்துபோனதால்தான் இனி அவனை என் கையைவிட்டு எங்கேயும் அனுப்பமாட்டேன் என்று நான் சொல்வேன். குரல் நடுங்கும். பரவாயில்லை, நடுங்கட்டும்.

புகையின்மேல் பழி போட்டதற்காகச் சங்கத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்ற கோரிக்கையையும் திரும்பப் பெறுகிறேன். துரை தெருவில் விழுந்ததற்குக் காரணம் என் பராமரிப்பில் இருந்த குறை. நான்காவதாக எழுதியது தவறு.

இப்படிக்கு,
உன் அப்பா